நடனப் பெண்ணாக வந்து நாடாண்ட பேகம் ஹஸ்ரத் மஹல்



பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்பவன். சரக்குப் பட்டியல் எழுதிப் பழகிய கைக்குக் கட்டுரை புதிது. ஆனாலும் ஒரு பெயரை நம் பிள்ளைகளிடம் சேர்த்துவிட வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் ஒப்புக்கொண்டேன்.

சென்ற பள்ளி விடுமுறையில் நம் பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் போட்டி நடத்தினோம். 1857ஆம் ஆண்டில் இந்தியாவில் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடிய ஒரு பெண்ணின் பெயரைக் கேட்டேன். ஜான்சி ராணி என்று ஒரே குரலில் பதில் வந்தது. சரியான பதில்தான். நேதாஜி 1943இல் சிங்கப்பூரில் அமைத்த பெண்கள் படைக்கு அந்த ராணியின் பெயரைத்தான் வைத்தார். மலாயாத் தோட்டங்களில் மரம் சீவிய குடும்பங்களின் தமிழ்ப் பெண்கள் பலர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். அதனால் அந்தப் பெயர் இந்த மண்ணிலும் வாழ்கிறது.

இன்னொரு பெயர் சொல்லுங்கள் என்றேன். பிள்ளைகள் விழித்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பெற்றோரும் விழித்தார்கள். உண்மையைச் சொன்னால், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் விழித்திருப்பேன்.

அந்த இன்னொரு பெயர் பேகம் ஹஸ்ரத் மஹல். பெரிய நகரம் ஒன்றை எட்டு மாதங்களுக்கும் மேலாகத் தம் ஆட்சியில் வைத்திருந்த முஸ்லிம் பெண். அவர் அரச குலத்தில் பிறந்தவர் அல்லர். விலைக்கு வாங்கப்பட்டு, ஆடவும் பாடவும் பழக்கப்பட்டவர். அவருடைய வாழ்க்கையை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

பைசாபாத்தில் பிறந்த சிறுமி

இன்றைய உத்தரப் பிரதேசத்தின் நடுப்பகுதியும் அதன் கிழக்கும் அந்நாளில் அவத் என்ற நாடாக இருந்தன. அதை ஆண்டவர்கள் நவாபுகள். பிற்காலத்தில் அரசர் என்ற பட்டமும் சூடிக்கொண்டார்கள். முதலில் பைசாபாத் தலைநகராக இருந்தது. 1775இல் லக்னோ தலைநகரானது. அரசவை போன பிறகு பழைய நகரத்தில் தொழில் குறைந்தது, வறுமை மிகுந்தது.

அந்தப் பைசாபாத்தில் 1820ஐ ஒட்டி ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் முஹம்மதி கானம். இதுதான் பேகத்தின் இயற்பெயர். அவரைக் குடும்பத்தார் அரண்மனைத் தரகர்களிடம் விற்றுவிட்டார்கள் என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்வது. அரண்மனையில் முதலில் பணிப்பெண்ணாகச் சேர்ந்தார்.

அப்போது அவத்தின் பட்டத்து இளவரசர் வாஜித் அலி ஷா. கவிதை, இசை, கதக் நடனம் ஆகியவற்றில் ஊறியவர். ஏழைக் குடும்பங்களிலிருந்து வந்த பெண்களைச் சேர்த்து, ஆசிரியர்களை வைத்து ஆடலும் பாடலும் கற்பிக்க ஓர் இல்லம் நடத்தினார். அதற்குப் பரிக்கானா என்று பெயர். தேவதைகளின் இல்லம் என்று பொருள். அங்கிருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பரியின் பெயர் சூட்டப்பட்டது. முஹம்மதி கானத்துக்குக் கிடைத்த பெயர் மஹக் பரி. நறுமணத் தேவதை என்று சொல்லலாம்.

முஸ்லிம் சங்கத்தின் மலரில் ஆடல் பெண்ணின் கதையா என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அந்தக் கூச்சம் இருந்தது. யோசித்துப் பார்த்தபோது கூச்சப்பட வேண்டியது அந்தச் சிறுமி அல்ல என்று தெரிந்தது. அவளுடைய விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. விற்றவர்கள் ஒருபக்கம், வாங்கியவர்கள் ஒருபக்கம். நடுவில் நின்ற பிள்ளைக்கு என்ன பழி?

இளவரசர் மஹக் பரியை மணந்துகொண்டார். 1845இல் ஆண் குழந்தை பிறந்தது. பிர்ஜீஸ் கத்ர் என்று பெயரிட்டார்கள். மகன் பிறந்த பிறகு ஹஸ்ரத் மஹல் என்ற பட்டம் கிடைத்தது. 1847இல் வாஜித் அலி ஷா அரியணை ஏறினார். ஆனால் அந்த உயர்வு நிலைக்கவில்லை. அரசர் தம் மனைவியரில் சிலரை மணவிலக்குச் செய்தபோது ஹஸ்ரத் மஹலும் அவர்களில் ஒருவரானார். மகனோடு லக்னோவிலேயே ஒதுங்கி வாழ்ந்தார்.

ஒரு குடும்பம், மூன்று வழிகள்

கிழக்கிந்தியக் கம்பெனி அவத்தை ஒரே நாளில் விழுங்கிவிடவில்லை. 1801இல் ஓர் உடன்படிக்கையின் பெயரால் நாட்டில் ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொண்டது. மீதியை 1856 பிப்ரவரியில் எடுத்தது. ஆட்சி சரியில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி. நாட்டை ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்திட வாஜித் அலி ஷா மறுத்தார். கையெழுத்து இல்லாமலே நாடு போனது. ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் உதவித்தொகை தருவதாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் மூன்று பேர் மூன்று வழிகளில் போனார்கள்.

அரசர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டார். நியாயம் கேட்கப் போனவர் அங்கேயே மட்டியா புர்ஜ் என்ற இடத்தில் தங்கிவிட்டார். 1857இல் போர் மூண்டதும் ஆங்கிலேயர் அவரை வில்லியம் கோட்டையில் காவலில் வைத்தார்கள். பிற்காலத்தில் உதவித்தொகை பெற்று, கவிதையும் இசையுமாக வாழ்ந்து 1887இல் காலமானார்.

அரசரின் தாயார் மலிகா கிஷ்வர் கடல் கடந்து லண்டன் போனார். தாய் என்ற முறையில் விக்டோரியா மகாராணியிடம் நேரில் முறையிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. காரியம் கைகூடவில்லை. திரும்பும் வழியில் 1858 ஜனவரியில் பாரிஸ் நகரில் வஃபாத் ஆனார். அவருடைய கப்ர் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது வழி ஹஸ்ரத் மஹலுடையது. அரசர் அழைத்துப்போன பரிவாரத்தில் மணவிலக்கான அவருக்கு இடமில்லை. லக்னோவிலேயே இருந்தார். தள்ளிவைக்கப்பட்டதால் ஊரில் தங்கியவர்தான், ஊருக்கு ஆள் தேவைப்பட்டபோது அங்கே இருந்தார்.

மகனுக்கு முடி, தாய்க்குப் பொறுப்பு

கம்பெனியின் வங்காளப் படையில் இருந்த சிப்பாய்களில் பெரும்பகுதியினர் அவத் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். தங்கள் நாட்டையே கம்பெனி எடுத்துக்கொண்டது அவர்களுக்கு ஆறாத புண். நிலத்தை இழந்த தாலுக்தார்கள், வேலை இழந்த அரண்மனை ஊழியர்கள், கலைக்கப்பட்ட அரசுப் படையினர் என்று நாடெங்கும் மனக்கசப்பு. இந்த நிலையில்தான் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டா உறையைப் பல்லால் கடிக்க வேண்டும் என்ற செய்தி பரவியது. இந்துவும் முஸ்லிமும் ஒரே நேரத்தில் கொதித்தார்கள்.

1857 மே 10இல் மீரட்டில் கிளர்ச்சி தொடங்கியது. மே 30இல் லக்னோவுக்கும் வந்தது. ஜூன் 30இல் லக்னோவுக்கு அருகே சின்ஹட் என்ற இடத்தில் ஆங்கிலேயரின் தலைமை ஆணையர் ஹென்றி லாரன்ஸ் படையோடு வந்து தோற்றுத் திரும்பினார். நகரத்திலிருந்த ஆங்கிலேயரும் அவர்களைச் சார்ந்தவர்களுமாகச் சுமார் 3,000 பேர் ரெசிடென்சி வளாகத்துக்குள் அடைபட்டார்கள். குண்டடி பட்ட லாரன்ஸ் ஜூலை 4இல் இறந்தார்.

நகரம் இப்போது சிப்பாய்கள் கையில். ஆனால் அரசர் கல்கத்தாவில். யாருடைய பெயரால் ஆள்வது? அரச குடும்பத்துப் பிள்ளை ஒருவனுக்கு முடி சூட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். முதலில் அணுகப்பட்ட மற்ற பேகம்கள் அஞ்சினார்கள். கணவர் ஆங்கிலேயரின் பிடியில் இருக்கிறார். இங்கே மகன் அரியணையில் உட்கார்ந்தால் அங்கே அவர் உயிருக்கு என்ன ஆகும் என்ற பயம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஹஸ்ரத் மஹல் ஒப்புக்கொண்டார். 1857 ஜூலைத் தொடக்கத்தில் பிர்ஜீஸ் கத்ர் முடிசூட்டப்பட்டான். வயது பன்னிரண்டுகூட நிறையவில்லை. டில்லிப் பேரரசர் பஹதூர் ஷா ஜஃபரின் கீழ் ஆளும் தலைவன் என்ற முறையில் ஏற்பாடு செய்யப்பட்டது. முடி மகன் தலையில். சுமை தாயின் தோளில். அப்போது பேகத்துக்கு முப்பத்தேழு வயதளவில் இருக்கும். ஏறத்தாழ என் வயதுதான். இதைப் படித்தபோது கடையில் ஒரு மாத வாடகைக்கே தூக்கம் இழக்கும் என் நினைவு எனக்கு வந்தது.

லக்னோவின் ஆட்சி

ஆட்சி என்றதும் தங்கத் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். சிப்பாய்கள் முடிசூட்டும்போதே நிபந்தனைகள் போட்டார்கள். டில்லியின் கட்டளைக்குப் பணிய வேண்டும். படையின் சம்மதம் இல்லாமல் அதிகாரிகளை நியமிக்கக் கூடாது. இரட்டைச் சம்பளம் தர வேண்டும். ஆங்கிலேயருக்கு உதவியவர்களைத் தாங்கள் என்ன செய்தாலும் குறுக்கிடக் கூடாது. இப்படிப்பட்ட படையை வைத்துக்கொண்டுதான் அவர் ஆண்டார்.

பேகம் ஒரு நிர்வாகத்தை அமைத்தார். அனுபவமுள்ள பழைய அமைச்சர் ஷரபுத்தௌலாவைத் தலைமை அமைச்சராக்கினார். படைக்கும் அரசவைக்கும் நடுவே பாலமாக நின்றவர் ராஜா ஜெய்லால் சிங் என்ற இந்துத் தலைவர். அரண்மனைக் காரியங்களைக் கவனித்தவர் மம்மு கான். ஆணைகள் மகன் பெயரில் போயின. முடிவுகள் தாயிடம் இருந்தன. தாலுக்தார்களுக்குக் கடிதம் எழுதிப் படையோடு வரவழைத்தார். நகரைச் சுற்றி மண் அரண்களும் அகழிகளும் எழுந்தன. பர்தாவுக்குள் வாழ்ந்த பெண், படைத்தலைவர்களைக் கூட்டிப் பேசினார், அவர்களுடைய சோம்பலைக் கண்டித்தார். யானை மீது ஏறிக் களத்துக்கே வந்தார் என்று எதிரிகளான ஆங்கிலேயரின் குறிப்புகளே சொல்கின்றன.

உள்ளுக்குள் பிளவும் இருந்தது. பைசாபாத் மௌலவி அஹ்மதுல்லாஹ் ஷா என்ற பெரிய வீரர் அதே நகரில் இருந்தார். மக்களிடம் அவருக்குத் தனிச் செல்வாக்கு. அவருக்கும் பேகத்தின் அரசவைக்கும் ஒத்துப்போகவில்லை. இரு தரப்பு ஆட்களும் மோதிக்கொண்டதும் உண்டு. இருவருக்கும் எதிரி ஒருவனே. ஆனாலும் ஓரணியாக நிற்க முடியவில்லை. ஐம்பது ஆண்டு சங்கம் நடத்தியவர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

செப்டம்பர் 25இல் ஹேவ்லாக், ஊட்ரம் என்ற தளபதிகள் நகருக்குள் புகுந்து ரெசிடென்சியை அடைந்தார்கள். முற்றுகை தொடங்கி 87 நாட்கள் ஆகியிருந்தன. மீட்க வந்தவர்களால் வெளியேற முடியவில்லை. அவர்களும் உள்ளே அடைபட்டார்கள். அன்றைய தெருச்சண்டையில் இறந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் நீல். அவர் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைப்பிரிவை நடத்தி வந்தவர். அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் செய்த கொடுமைகள் பேர்போனவை.

இந்த நீலுக்குத்தான் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். அந்தச் சிலையை அகற்ற வேண்டும் என்று 1927இல் தமிழ்நாட்டுத் தொண்டர்கள் போராடிச் சிறை சென்றார்கள். இளைஞர் காமராஜரும் அந்தப் போராட்டத்தில் ஈடுபட்டார். 1937இல் ராஜாஜி முதல்வராக வந்த பிறகு சிலை தெருவிலிருந்து எடுக்கப்பட்டு அருங்காட்சியகத்துக்குப் போனது. லக்னோவின் கதை வடநாட்டுக் கதை, நமக்கு என்ன என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பேகத்தின் வீரர்கள் வீழ்த்திய ஒரு மனிதருடைய சிலையை அகற்ற நம் தமிழர்கள் பத்தாண்டு காத்திருந்தார்கள்.

நகரம் வீழ்ந்தது

செப்டம்பரிலேயே டில்லி ஆங்கிலேயர் வசமானது. பஹதூர் ஷா சிறைப்பட்டார். பின்னர் ரங்கூனுக்குக் கடத்தப்பட்டு 1862இல் அங்கேயே இறந்தார். டில்லி போன பிறகும் லக்னோ நின்றது. அங்கிருந்து தப்பிய வீரர்கள் பேகத்தின் கொடிக்குக் கீழே வந்து சேர்ந்தார்கள்.

நவம்பரில் தலைமைத் தளபதி காலின் கேம்பல் வந்தார். சிக்கந்தர் பாக் என்ற தோட்டத்தில் ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் மடிந்தார்கள். அங்கே மரத்தின் மேலிருந்து சுட்டுப் பல எதிரிகளை வீழ்த்திய பெண் ஒருவர் இருந்தார். தாழ்த்தப்பட்ட பாசி சமூகத்தைச் சேர்ந்த ஊதாதேவி அவர் என்று மக்கள் இன்றும் போற்றுகிறார்கள். கேம்பல் ரெசிடென்சியில் இருந்தவர்களை வெளியே கொண்டுபோனார். நகரைப் பிடிக்க முடியவில்லை. ஆங்கிலேயர் நகரைவிட்டுப் பின்வாங்கிய பிறகும் பேகத்தின் ஆட்சி தொடர்ந்தது.

1858 மார்ச்சில் கேம்பல் ஏறத்தாழ 30,000 பேர் கொண்ட படையோடு திரும்பி வந்தார். நேபாளத்தின் ஜங் பஹதூர் ராணாவும் கூர்க்காப் படையோடு ஆங்கிலேயருக்கு உதவ வந்தார். பேகம் எழுப்பிய மூன்று வரிசை அரண்களும் ஒவ்வொன்றாக உடைந்தன. அரண்மனையான கைசர் பாக் மார்ச் 14இல் வீழ்ந்து சூறையாடப்பட்டது. பேகம் மகனோடு நகருக்கு வெளியே மூசா பாகில் நின்று மீண்டும் போரிட்டார். மார்ச் 21இல் நகரம் முழுவதும் ஆங்கிலேயர் வசமானது.

சாலை போடவும் கால்வாய் வெட்டவும்

வேறொருவராக இருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். பேகம் காக்ரா நதியைக் கடந்து, பஹ்ராயிச் பகுதியில் பௌண்டி என்ற கோட்டையில் அரசவையைக் கூட்டினார். அங்கிருந்து இன்னும் பல மாதங்கள் ஆணைகள் போயின. சரணடைந்தால் மரியாதையும் உதவித்தொகையும் தருவதாக ஆங்கிலேயர் சொல்லி அனுப்பினார்கள். மறுத்துவிட்டார்.

1858 நவம்பர் 1இல் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வந்தது. கம்பெனி ஆட்சி முடிந்தது, இனி மகாராணியின் நேரடி ஆட்சி, மத விஷயங்களில் தலையிட மாட்டோம், மன்னிப்பு உண்டு என்றெல்லாம் அதில் இருந்தது. நாடே களைத்திருந்தது. பலர் நம்பினார்கள்.

பேகம் அதற்குப் பதில் பிரகடனம் ஒன்றை மகன் பெயரில் வெளியிட்டார். என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது அந்தப் பிரகடனம்தான். ஒரு வக்கீலைப்போல ஒவ்வொரு வாக்குறுதியையும் எடுத்துக் கேள்வி கேட்கிறார். கம்பெனியின் சட்டங்களும் அதிகாரிகளும் அப்படியே இருக்கும்போது பெயர்ப்பலகை மட்டும் மாறினால் என்ன மாறியது என்கிறார். பரத்பூர், பஞ்சாப் முதல் தம் அவத் வரை, உடன்படிக்கை போட்டுவிட்டு மீறிய கதைகளைப் பட்டியல் போடுகிறார். சாலை போடுவதாகச் சொல்லிக் கோயிலையும் பள்ளிவாசலையும் இடித்தவர்கள் மதத்தில் தலையிட மாட்டோம் என்பதை எப்படி நம்புவது என்கிறார். கோயிலையும் பள்ளிவாசலையும் சேர்த்தே சொல்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியில் ஒரு இடம். மகாராணி இந்திய மக்களுக்கு வாக்களிக்கும் வேலை என்ன என்று பார்க்கிறார். சாலை போடுவது, கால்வாய் வெட்டுவது. அதைவிட மேலான வேலை எதுவும் சொல்லப்படவில்லை. இதன் பொருள் மக்களுக்குப் புரியவில்லை என்றால் அவர்களைக் காப்பாற்ற வழியில்லை என்று முடிக்கிறார்.

இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அந்தப் பிரகடனத்துக்குப் பிறகு வந்த ஆண்டுகளில்தான் நம் தமிழ் மக்களைக் கப்பலில் ஏற்றி மலாயாவுக்குக் கொண்டுவந்தார்கள். காட்டை அழித்தார்கள், சாலை போட்டார்கள், தண்டவாளம் பதித்தார்கள், ரப்பர் நட்டார்கள். லாபுவிலும் ரந்தாவிலும் பகாவிலும் லயங்களில் வாழ்ந்த நம் மூத்தவர்களின் கதையை, இமயமலை அடிவாரத்தில் ஒரு கோட்டையில் இருந்துகொண்டு அந்தப் பெண் முன்கூட்டியே கண்டிருக்கிறார். எழுத்தறிவும் அரசியலும் அரச குலத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும் வாய்ப்பதில்லை.

காட்மாண்டுவில் ஒரு கப்ர்

1858 இறுதியில் ஆங்கிலப் படை நெருங்கியது. பேகம் மகனோடும் ஆயிரக்கணக்கான வீரர்களோடும் நேபாள எல்லையைக் கடந்தார். அடிவாரக் காட்டில் காய்ச்சலாலும் பசியாலும் பலர் இறந்தார்கள். லக்னோவைப் பிடிக்க ஆங்கிலேயருக்கு உதவிய அதே ஜங் பஹதூரிடம்தான் அடைக்கலம் கேட்க வேண்டியிருந்தது. அவர் முதலில் மறுத்தார். பிறகு காட்மாண்டுவில் தங்க இடம் கொடுத்தார்.

பேகத்தோடு நின்றவர்களின் முடிவு வேதனையானது. மௌலவி அஹ்மதுல்லாஹ் ஷா 1858 ஜூனில் ஒரு சிற்றரசனின் வஞ்சகத்தால் கொல்லப்பட்டார். ராஜா ஜெய்லால் சிங் 1859இல் தூக்கிலிடப்பட்டார். மம்மு கான் அந்தமானுக்கு அனுப்பப்பட்டார்.

பேகம் இருபது ஆண்டுகள் காட்மாண்டுவில் வாழ்ந்தார். அரண்மனை இல்லை, படை இல்லை, பிறந்த மண் இல்லை. 1879 ஏப்ரல் 7இல் அங்கேயே வஃபாத் ஆனார். நகரின் நடுவே, ஜாமிஆ மஸ்ஜிதை ஒட்டி அடக்கம் செய்யப்பட்டார். 1887இல் விக்டோரியாவின் பொன்விழாவையொட்டி மகன் பிர்ஜீஸ் கத்ருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர் கல்கத்தா திரும்பி 1893இல் இறந்தார். தாய் அந்த மன்னிப்பைக் கேட்கவும் இல்லை, பெறவும் இல்லை.

சுதந்திர இந்தியா அவரைத் தாமதமாக நினைவுகூர்ந்தது. லக்னோவில் விக்டோரியா பூங்கா என்று இருந்த இடத்துக்கு 1962 ஆகஸ்ட் 15இல் பேகம் ஹஸ்ரத் மஹல் பூங்கா என்று பெயர் மாற்றினார்கள். யாருடைய பிரகடனத்துக்குப் பதில் எழுதினாரோ அவருடைய பெயர் போய், இவருடைய பெயர் வந்தது. 1984 மே 10இல், கிளர்ச்சி தொடங்கிய அதே நாளில், இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

நம் மாநிலத்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் நேபாளத் தம்பிகள் ஊர் திரும்பும் முன் என் கடையில் துணி எடுப்பார்கள். அவர்களில் காட்மாண்டுக்காரர் ஒருவரிடம் இந்தக் கப்ரைப் பற்றிக் கேட்டேன். மணிக்கூண்டுக்கு அருகிலுள்ள பள்ளிவாசலைத் தெரியும் என்றார். தினமும் அந்த வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனாராம். அங்கே ஓர் அரசி அடங்கியிருப்பது தெரியாது என்றார். சொன்னேன். அடுத்த முறை போகும்போது பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நம் வீடுகளுக்கு ஒரு வார்த்தை

கடைசியாக என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். என் நன்னா சைக்கிளில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்றவர். என் அம்மா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். காலையில் பால்வாளி தூக்கிவிட்டு மாலையில் மதரஸாவில் ஓதியவர். அவர் கடைக்கார வீட்டு மருமகளாக வந்தபோது, உறவினர் சிலர் நெடுங்காலம் அவரைப் பெயர் சொல்லிக்கூட அழைக்கவில்லை. தோட்டத்துப் பெண் என்றே சொன்னார்கள். அத்தா நோயில் படுத்த ஆறு ஆண்டுகள் கடையையும் எங்கள் மூவரையும் காப்பாற்றியது அந்தத் தோட்டத்துப் பெண்தான். நான் டிப்ளோமா படித்ததும் அம்மாவின் கணக்கு நோட்டில் இருந்துதான்.

இன்றும் சம்பந்தம் பேசும்போது நம்மிடம் முதலில் வருவது எந்த ஊர், யார் வீடு, தாத்தா என்ன தொழில் என்ற கேள்விதான். அந்தப் பிள்ளை என்ன செய்வாள், எதற்கு அஞ்ச மாட்டாள் என்று கேட்பதில்லை. அவத்தில் உயர்குடிப் பேகம்கள் பலர் இருந்தார்கள். ஊர் கேட்டபோது எழுந்து வந்தவர், விலைக்கு வாங்கப்பட்ட மஹக் பரி.

நம் சங்கம் இன்னும் ஐம்பது ஆண்டுகள் நடக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ். அடுத்த போட்டியில் இன்னொரு பெயர் கேட்டால் நம் பெண் பிள்ளைகள் கையை உயர்த்த வேண்டும். அல்லாஹ் பேகம் ஹஸ்ரத் மஹலின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. இந்த மண்ணில் உழைத்து இதிலேயே அடங்கிய நம் மூத்தவர்கள் அனைவரின் கப்ரையும் விசாலமாக்குவானாக. ஆமீன்.